மெய்நிகர் மேசையும் ஆடுவோர் உரிமையும்: ஆட்ட மென்பொருள்களில் வசதிப் பெருக்கமும் கையாளும் எளிமையும் - ஒரு திறனாய்வு நோக்கு

1. பிரச்சினையின் இயல்பு

இலக்கிய நூலொன்றை மதிப்பிடுமிடத்து அதன் உள்ளடக்கம் யாது, உருவம் யாது, அது யாருடைய நலனைச் சார்ந்து நிற்கின்றது என்றெல்லாம் வினவுகின்றோம். ஆனால் அன்றாடம் கையாளும் மென்பொருளொன்றைப் பற்றிப் பேசும்பொழுது, 'வசதிகள் பல உள்ளன', 'கையாள்வது கடினம்' என்னும் இரண்டு தொடர்களுக்குள் எமது விமர்சனம் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றது. வசதிகளை ஒரு தட்டிலும் எளிமையை மறு தட்டிலும் இட்டு நிறுத்துப் பார்க்கும் இம்முறை நடுநிலையானது போலத் தோன்றினும், கருவிக்கும் அதனைக் கையாளும் மனிதருக்கும் இடையிலான உறவினை அது மறைத்துவிடுகின்றது. இவ்வுறவினை மேசை ஆட்டங்களுக்கென ஆக்கப்பட்ட மென்பொருள்களின் வாயிலாக ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மேசை ஆட்டம் என்பதனால் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பலகை, காய், சீட்டு, பகடை ஆகியவற்றைக் கொண்டு ஆடப்படும் ஆட்டங்களைக் கருதுகின்றோம். இவற்றுள் பாத்திரமேற்பு ஆட்டம் தனித்து நோக்கத்தக்கது. அதிலே ஆடுவோர் ஒவ்வொருவரும் ஒரு கதைப்பாத்திரத்தை ஏற்றுப் பேசுவர். அவர்களுள் ஒருவர் நெறியாளராக இருந்து உலகினையும் ஏனைய பாத்திரங்களையும் எதிர்ப்படும் தடைகளையும் விவரிப்பார். ஐயமான செயல்களின் விளைவைப் பகடை தீர்மானிக்கும். வெவ்வேறு ஊர்களில் இருப்போர் இவ்வாறு ஒன்றுகூடி ஆடுதற்கு உதவும் மென்பொருள்கள் 'மெய்நிகர் மேசை' என வழங்குகின்றன. 2020 ஆம் ஆண்டின் பெருந்தொற்றுக் காலத்திலே, ஒரே அறையில் கூடுதல் இயலாதுபோனமையால், இவற்றின் பயன்பாடு பெருகியது.

விளையாட்டுக் கருவிக்கு இத்துணை ஆய்வு வேண்டுமா என்று சிலர் கேட்கக்கூடும். தொழிற்சாலையிலும் அலுவலகத்திலும் தன்னியக்கம் வேலையாளின் விருப்பத்தைக் கேட்டு வருவதில்லை. ஓய்வு வேளையிலோ மனிதர் தாமே விரும்பித் தன்னியக்கத்தை வரவழைக்கின்றனர். அவர்கள் எதனை இயந்திரத்திடம் கையளிக்கின்றனர், எதனைத் தம்மிடம் வைத்துக்கொள்கின்றனர் என்பதை இங்கே தெளிவாகக் காணலாம்.

2. வரலாற்றுப் பின்னணி

விதிகளின் நிறைவுக்கும் ஆட்டத்தின் ஓட்டத்துக்கும் இடையிலான முரண்பாடு கணினியோடு தோன்றியதன்று. 1824 ஆம் ஆண்டில் பிரஷ்யப் படை அதிகாரியான இளைய றைஸ்விற்ஸ் 'கிரீக்ஸ்பீல்' எனப்படும் போர் ஆட்டத்துக்கான விதிநூலை வெளியிட்டார். 1:8000 அளவுத்திட்டத்தில் அமைந்த நிலப்படத்தின்மீது படைப்பிரிவுகளைக் குறிக்கும் காய்கள் வைக்கப்பட்டன. இரு தரப்பினரும் தத்தம் கட்டளைகளை மத்தியஸ்தரிடம் கொடுப்பர். எதிரியின் படை பார்வைக்கு எட்டினாலன்றி அதன் காயை மத்தியஸ்தர் படத்தில் வைக்கமாட்டார். இழப்புகள் பகடையாலும் அட்டவணைகளாலும் கணிக்கப்பட்டன. இன்றைய மென்பொருள்கள் பெருமையுடன் விளம்பரப்படுத்தும் 'மறைந்த நிலப்பகுதி', 'பார்வைக்கோடு' முதலிய வசதிகள், இருநூறு ஆண்டுகளுக்கு முன்னர் ஒரு மனிதரின் கையாலும் மனத்தாலும் நிறைவேற்றப்பட்டவையே என்பது மனங்கொள்ளத்தக்கது.

அட்டவணைகள் பெருகப் பெருக ஆட்டம் மந்தமாயிற்று. மத்தியஸ்தரின் வேலை கணக்குப் பார்ப்பதாகச் சுருங்கிற்று. 1870 களில் மெக்கல் முதலிய அதிகாரிகள் இச்சுமையைக் கண்டித்தனர். 1876 இல் வெர்டி டு வேர்னோயா பகடையையும் அட்டவணையையும் ஒதுக்கி, அனுபவமிக்க மத்தியஸ்தரின் தீர்ப்பையே அடிப்படையாகக் கொள்ளும் முறையை முன்வைத்தார். இவ்வாறு 'இறுக்கமான ஆட்டம்', 'சுதந்திர ஆட்டம்' என இரு போக்குகள் உருவாயின. சுதந்திர முறைக்கும் ஒரு குறை உண்டு. விதியின் கட்டுப்பாடு நீங்கியவிடத்து மத்தியஸ்தரின் விருப்பு வெறுப்பே விதியாகிவிடலாம். படையிலே மேலதிகாரியின் சொல் என்பதனால் அது ஏற்கப்பட்டது. சமமானவர்கள் கூடும் மேசையிலோ அது அனைவரதும் சம்மதத்தைக் கொண்டே நிலைபெற முடியும்.

இம்மரபு 1880 இல் அமெரிக்கரான டொற்றன் எழுதிய 'ஸ்ரற்றெகோஸ்' நூல் வழியாகப் பிற்காலத்துப் பொழுதுபோக்காளரை வந்தடைந்தது. அந்நூலின் செல்வாக்குக்கு உட்பட்ட டேவிட் வெஸ்லி 1969 இல் மினியாபொலிஸ் - சென்ற் போல் பகுதியில் நடத்திய 'பிரவுன்ஸ்டைன்' ஆட்டத்திலே, ஆடுவோர் படைப்பிரிவுகளை நகர்த்துவதற்குப் பதிலாகத் தனிமனிதப் பாத்திரங்களை ஏற்றனர். அதில் பங்குபற்றிய டேவ் ஆர்னெசன், கரி கைகக்ஸுடன் இணைந்து ஆக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' என்னும் ஆட்டம் 1974 இல் வெளியிடப்பட்டது. முதல் அச்சில் ஆயிரம் பிரதிகளே வெளிவந்தன. மூன்று சிறு நூல்களைக் கொண்ட அப்பெட்டியில் விதிகளைக் காட்டிலும் இடைவெளிகளே மிகுதி. அவற்றை ஒவ்வொரு குழுவும் தன் அனுபவத்தால் நிரப்பிக்கொண்டது. அவ்வாட்டம் பரவியமைக்கு இவ்விடைவெளிகளும் ஒரு காரணம் எனலாம்.

3. மூடிய ஆட்டமும் பொருட்போலியும்

இப்பின்னணியில் இன்றைய மென்பொருள்களை நோக்கும்பொழுது, ஆட்டத்தின் இயல்பைப் பொறுத்தே தன்னியக்கத்தின் தகுதியும் அமைகின்றது என்பது புலனாகும். 2010 இல் பிரான்சில் தொடங்கி 2021 இல் அஸ்மொடீ நிறுவனத்தின் உடைமையான 'போர்ட் கேம் அரீனா' விதிகளை முழுமையாகத் தானே நடைமுறைப்படுத்துகின்றது. 'கார்க்கசோன்' என்னும் ஓடு அடுக்கும் ஆட்டத்தில், வைக்கத்தக்க இடங்களை மட்டுமே அது காட்டும். நேரில் ஆடுவோர் அடிக்கடி தடுமாறும் வயல்வெளிப் புள்ளிக் கணக்கைத் தானே கூட்டிச் சொல்லும். இவ்வாட்டத்தின் விதிகள் முடிந்த முடிபானவை. ஆடுவோரின் திறமை கணக்கிடுவதில் இல்லை. ஓட்டினை எங்கு வைப்பது என்னும் தெரிவிலேயே உண்டு. ஆதலின் கணக்கை இயந்திரம் ஏற்பதனால் ஆடுவோர் இழப்பது சொற்பம், பெறுவது அதிகம். விதிநூலை முழுதும் படியாத புதியவரும் உடனே அமர்ந்து ஆடலாம். எனினும் குடும்பங்களும் நண்பர் குழாங்களும் தமக்கென வகுத்துக்கொள்ளும் வீட்டு விதிகளுக்கு இங்கே இடமில்லை.

இதற்கு நேர்மாறான வழியில் செல்வது 2015 இல் வெளிவந்த 'டேபிள்டொப் சிமியுலேற்றர்'. இது விதியெதனையும் வற்புறுத்துவதில்லை. முப்பரிமாண மேசையொன்றையும் பௌதிக விதிகளுக்கு அமைய விழுந்து உருளும் பொருள்களையும் தந்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றது. கோபமுற்றவர் மேசையையே கவிழ்த்துவிடவும் வசதி உண்டு. சுதந்திரம் என்ற அளவில் இது போற்றத்தக்கதே. ஆயினும் இது மேசையின் பொருள்களைப் போலச் செய்ததேயன்றி மேசையின் எளிமையைப் போலச் செய்யவில்லை. மெய்யான சீட்டுக்கட்டிலிருந்து ஒரு சீட்டை எடுப்பதற்கு நாம் சிந்திப்பதில்லை. திரையிலோ பார்வைக்கோணத்தைத் திருப்பி, சரியான விசையை நினைவுகூர்ந்து, கட்டு முழுவதும் கையோடு வந்துவிடாதபடி எச்சரிக்கையாக இழுக்கவேண்டியுள்ளது. பொருளின் புறத்தோற்றத்தை நுணுக்கமாகப் படியெடுப்பதே யதார்த்தம் எனக் கொள்ளும் இயற்பண்புவாதத்தின் குறைபாட்டினை இலக்கிய உலகிலே நாம் அறிவோம். அதே குறைபாடு கருவியாக்கத்திலும் நேர்ந்துள்ளது.

4. சுமையின் இடமாற்றம்

பாத்திரமேற்பு ஆட்டங்களுக்கான கருவிகளிலேயே முரண்பாடு கூர்மையடைகின்றது. கணினி இடைமுக ஆக்கத்தில் ஈடுபட்ட லறி ரெஸ்லர் கூறிய கருத்தொன்று இங்குப் பயன்படும். ஒவ்வொரு மென்பொருளின் பணியிலும் குறைக்கவியலாத ஒரு சிக்கல் உள்ளது; அதனை ஒழிக்க முடியாது, ஆக்குநரோ பயன்படுத்துநரோ ஒருவர் சுமந்தேயாகவேண்டும் என்பதே அதன் சாரம். மெய்நிகர் மேசையில் இக்கூற்றை மேலும் விரிக்கவேண்டியுள்ளது. ஏனெனில் 'பயன்படுத்துநர்' என இங்கே ஒருவர் இல்லை. நெறியாளர் ஒருவரும் ஆடுவோர் பலரும் உள்ளனர். ஒருவரின் எளிமை மற்றவரின் சுமையாக மாறக்கூடும்.

2012 இல் பொதுமக்கள் நிதியுதவியுடன் தொடங்கிய 'ரோல் 20' உலாவியிலேயே இயங்குவது. எதனையும் நிறுவவேண்டியதில்லை, இணைப்பொன்றை அனுப்பினால் நண்பர்கள் வந்து சேர்ந்துவிடுவர். இது பெருஞ்சாதனை என்பதில் ஐயமில்லை. ஆனால் அதன் புகழ்பெற்ற ஒளி வசதியை எடுத்துக்கொள்வோம். பாத்திரமொன்று இருண்ட மண்டபத்தில் நடக்குந்தோறும் அதன் கண்ணுக்கு எட்டிய பகுதி மட்டுமே திரையில் ஒளிரும். ஆடுவோருக்கு இது ஒரு பொத்தானையேனும் அழுத்தத் தேவையற்ற இன்பம். நெறியாளருக்கோ ஒவ்வொரு வரைபடத்தின் ஒவ்வொரு சுவரின்மீதும் கோடு வரைந்து, கதவுகளைக் குறித்து, ஒவ்வொரு காய்க்கும் பார்வைத் தூரத்தைப் பதிந்து வைக்கவேண்டிய கடமை. 'இருள் சூழ்ந்திருக்கிறது, பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை' என்று வாயாற் சொன்ன ஒரு வாக்கியத்தின் இடத்தை ஒரு மாலைப்பொழுதின் உழைப்பு பிடித்துக்கொண்டது. இவ்வசதி நெடுங்காலம் சந்தா செலுத்தியோருக்கே உரியதாயிருந்தமையையும் உடன்வைத்து நோக்குக. நெறியாளர் தம் பணத்தையும் உழைப்பையும் ஒருங்கே கொடுத்தே பிறரின் எளிமையை வாங்கினார்.

2020 மே மாதத்தில் வெளிவந்த 'பவுண்ட்ரி' வேறொரு தீர்வை முன்வைத்தது. மாதச் சந்தா இல்லை. நெறியாளர் ஒருமுறை விலைகொடுத்து வாங்கினாற் போதும். ஆடுவோர் எதுவும் செலுத்தவேண்டியதில்லை. ஆட்டத்தின் தரவுகள் நெறியாளரின் கணினியிலேயே இருக்கும். தொண்டர்கள் எழுதிய ஆயிரத்துக்கு மேற்பட்ட இணைப்பு நிரல்கள் இதற்கு உள்ளன. உடைமை நோக்கில் இது முற்போக்கான அமைப்பே. 'பாத்ஃபைண்டர்' ஆட்டத்தின் 2019 ஆம் ஆண்டுப் பதிப்புக்கென இம்மேசையில் தொண்டர்கள் ஆக்கிய நிரல் தன்னியக்கத்தின் நன்மைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு. அவ்வாட்டத்திலே ஒரே வகையைச் சேர்ந்த இரு கூட்டெண்கள் ஒன்றுசேரா, பெரியது மட்டுமே கொள்ளப்படும் என்பது விதி. பல வகைக் கூட்டெண்களும் குறைப்பெண்களும் ஒருங்கே வரும் வேளையில் மனக்கணக்கு எளிதன்று. இயந்திரம் அதனைப் பிழையின்றிச் செய்து, எவ்வெண் எதிலிருந்து வந்தது என்பதனையும் விரித்துக் காட்டுகின்றது.

எனினும் இங்கும் சுமை மறைந்துவிடவில்லை. தமது கணினியையே சேவையகமாக்கும் நெறியாளர் வீட்டு இணையச் சாதனத்தின் வாயில் திறத்தல் முதலிய தொழினுட்ப நுணுக்கங்களைக் கற்கவேண்டும். 2022 இல் வெளிவந்த பத்தாம் பதிப்பிலே தரவமைப்பு மாற்றப்பட்டபொழுது தொண்டர்களின் நிரல்கள் பல திருத்தி எழுதப்படவேண்டியனவாயின. நிரலொன்றை எழுதியவர் ஆர்வமிழந்து விலகினால், அதனை நம்பித் தம் ஆட்டத்தை அமைத்தவர் நட்டாற்றில் விடப்படுவார். ஊதியமற்ற உழைப்பின்மீது எழுப்பப்பட்ட வசதிப் பெருக்கத்தின் நிலையாமை இதுவாகும்.

எளிமையைக் கொள்கையாக வரித்துக்கொண்டது, 2020 இல் அவுஸ்திரேலியாவிலிருந்து வெளிவந்த 'அவுல்பெயர் ரோடியோ'. வரைபடம், காய், பகடை, திரையில் வரையும் கோல் ஆகியவற்றுக்கு அப்பால் அது அதிகம் முயலவில்லை. அதனைக் கற்பதற்குச் சில நிமிடங்கள் போதும். ஆனால் இவ்வெளிமையையும் விமர்சன நோக்கின்றி ஏற்றல் தகாது. அதன் முதற் பதிப்பிலே பயனர் கணக்கு வேண்டியிருக்கவில்லை. அதற்குக் காரணம் தரவுகள் யாவும் பயன்படுத்துநரின் உலாவியிலேயே வைக்கப்பட்டமையாகும். உலாவியின் சேமிப்பைத் துடைத்தவர் தம் வரைபடங்களையும் இழந்தார். முகப்பில் விளங்கிய எளிமை, இழப்பு அபாயத்தைப் பயன்படுத்துநரின் தோளில் ஓசையின்றி ஏற்றியிருந்தது. 2023 இல் வந்த இரண்டாம் பதிப்பு கணக்கினை வேண்டிற்று. மேலதிக வசதிகளை விரும்பியவர் விரும்பியபோது சேர்த்துக்கொள்ளும் இணைப்புகளாக்கிற்று. பாத்திரங்களின் முறைவரிசையைக் குறிக்கும் பட்டியல்கூட, பெரும்பாலானோர்க்குப் பயன்படுவதாயிருந்தும், அடிப்படையில் சேர்க்கப்படாது இணைப்பாகவே வைக்கப்பட்டது. இக்கட்டுப்பாடு பாராட்டுக்குரியது.

1984 இல் கரோலும் கரிதேர்ஸும் வெளியிட்ட ஆய்வொன்று இதனை வலியுறுத்துகின்றது. சொல் தயாரிக்கும் மென்பொருளொன்றில் உயர்நிலை வசதிகளைத் தொடக்கநிலையாளருக்கு அடைத்து வைத்தபொழுது அவர்கள் விரைவாகவும் நன்றாகவும் கற்றனர் என அவர்கள் கண்டனர். வசதி இருப்பதனாலன்று, வேண்டாத வேளையில் அது குறுக்கிடுவதனாலேயே சிக்கல் விளைகின்றது என்பது இதனாற் பெறப்படும்.

5. தீர்ப்புரிமை

உழைப்பின் பங்கீட்டிலும் ஆழமான வினா ஒன்று உளது. 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' வெளிவந்த அதே 1974 ஆம் ஆண்டிலே ஹரி பிரேவர்மன் தமது 'உழைப்பும் ஏகபோக மூலதனமும்' என்ற நூலை வெளியிட்டார். முதலாளித்துவ உற்பத்தியிலே சிந்திப்பதும் செய்வதும் பிரிக்கப்படுகின்றன. சிந்திக்கும் பணி மேலாண்மையிடம் குவிய, தொழிலாளியின் கைத்திறன் தேய்கின்றது என்பது அவர் வாதம். தொழிற்சாலையின் சுரண்டலை நண்பர்களின் ஆட்டத்துக்கு அப்படியே பொருத்துதல் மிகையாகும். ஆயினும் சிந்தனையும் செயலும் பிரியும் அப்போக்கினை இங்கும் இனங்காணலாம்.

ஓர் உதாரணத்தை நோக்குவோம். சத்திரமொன்றிலே சண்டை மூள்கின்றது. ஒருவர் வாளால் வெட்ட விரும்பினால் தன்னியக்க மேசை சிறப்பாக உதவும். இலக்கினைத் தெரிந்து ஆயுதத்தை அழுத்தினால், பகடை உருண்டு, எண்கள் கூட்டப்பட்டு, காயமும் கழிக்கப்பட்டுவிடும். இன்னொருவர், கூரையில் தொங்கும் விளக்கின் கயிற்றை அறுத்து எதிரிகளின்மீது விழச்செய்வேன் என்கிறார். அதற்குப் பொத்தான் இல்லை. நேரடி மேசையில் இரண்டுக்கும் நெறியாளர் ஒரே அளவு முயற்சியே செய்தார்: 'பகடையை உருட்டு' என்றார். மென்பொருளிலோ முதற்செயல் ஒரு நொடியிலும் இரண்டாவது பல படிகளிலும் முடிகின்றன. எவரும் எதனையும் தடைசெய்யவில்லை. ஆயினும் எளிதான வழியிலே மனித மனம் செல்லும். சில வாரங்களின் பின் ஆடுவோர் தமது பாத்திரத்தை நினைப்பதற்கு முன்னர் பொத்தான் வரிசையைப் பார்க்கப் பழகிவிடுவர். வசதி கற்பனையின் எல்லையாகிவிடும் நிலை இதுவே.

இதனாலே தன்னியக்கம் முழுவதும் தீது என்பது எமது கருத்தன்று. பிரஷ்ய மத்தியஸ்தரை அட்டவணையிலிருந்து விடுவித்திருக்கக்கூடிய கணிப்பொறி அன்று இருந்திருப்பின், அவர் தீர்ப்புக்கே முழு மனத்தையும் செலுத்தியிருப்பார். கணக்கை இயந்திரம் ஏற்பது விடுதலை. தீர்ப்பையும் சேர்த்து ஏற்பது பறிப்பு. இவ்விரண்டுக்கும் இடையே கோடு கிழிப்பதே ஆக்குநரின் கலைத்திறன்.

6. உடைமையும் எளிமையும்

இக்கோட்டினைக் கிழிப்பவர் யார் என்பது 2023 ஜனவரியிலே வெளிப்படையாயிற்று. 'டன்ஜன்ஸ் அன்ட் ட்ராகன்ஸ்' ஆட்டத்தின் உரிமையாளரான விஸர்ட்ஸ் ஒஃப் த கோஸ்ற் நிறுவனம், தன் திறந்த உரிமத்தை மாற்ற முயன்றபொழுது, மெய்நிகர் மேசைகளுக்கான விதிமுறை வரைவொன்றையும் வெளியிட்டது. மேசையில் ஆடும் அனுபவத்தை மீளப் படைப்பது அனுமதிக்கப்படும். மந்திர அம்பு பறப்பதை அசைபடமாகக் காட்டுதல் போன்றவை கணினி விளையாட்டின் பாற்படும் என்பது அதன் நிலைப்பாடு. கற்பனைக்கு இடம்விட வேண்டும் என்னும் வாதம் அழகியல் நோக்கிலே எமக்கும் உடன்பாடானதே. ஆனால் அவ்வழகியல், போட்டிக் கருவிகளின் வளர்ச்சிக்கு எல்லையிடும் உரிமத்தின் வாசகமாக வந்தது என்பதே கவனிக்கத்தக்கது. ஆடுவோரின் கடும் எதிர்ப்பினால் அம்மாதத்துக்குள்ளேயே அம்முயற்சி கைவிடப்பட்டு, அடிப்படை விதித்தொகுதி பொதுப்பயன்பாட்டு உரிமத்தின்கீழ் வெளியிடப்பட்டது.

அதே நிறுவனம் அக்காலத்தில் ஆக்கிக்கொண்டிருந்த 'சிகில்' என்னும் முப்பரிமாண மேசை 2025 பெப்ரவரியில் வெளிவந்தது. கண்ணைக் கவரும் காட்சிகள் நிறைந்த அதற்கு ஆற்றல்மிக்க கணினி வேண்டியிருந்தது. அடுத்த மாதமே அதனை உருவாக்கிய குழுவினருள் மிகப் பெரும்பாலானோர் வேலைநீக்கஞ் செய்யப்பட்டனர். அந்நிறுவனம் 2023 இலிருந்து வளர்த்துவந்த எளிய இருபரிமாண வரைபடக் கருவியோ உலாவியிலேயே இயங்குவது. ஆடுவோர் ஐவருள் ஒருவரின் கணினி வலுக்குறைந்ததாயினும் குழு முழுவதும் ஆட முடியாது என்னும் எளிய உண்மை, காட்சிப் பெருக்கத்தை விற்பனைச் சரக்காகக் காணும் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

7. முடிவுரை

இதுவரை கூறியவற்றிலிருந்து மெய்நிகர் மேசைகளை மதிப்பிடுதற்குச் சில அளவுகோல்களைப் பெறலாம். முதலாவது, வசதியொன்று யாருடைய உழைப்பைக் குறைத்து யாருடைய உழைப்பைக் கூட்டுகின்றது என்பதனைக் கேட்கவேண்டும். இரண்டாவது, அதனைப் பயன்படுத்தாது விடுவோர் அதன் இருப்பையே உணராது ஆட முடிகின்றதா என நோக்கவேண்டும். மூன்றாவது, இயந்திரத்தின் கணக்கு கண்ணுக்குப் புலனாகின்றதா, மேசையில் இருப்போர் 'இல்லை, இவ்விடத்தில் வேறு முடிவு' என்று கூறி ஒரே அசைவில் மாற்ற முடிகின்றதா என ஆராயவேண்டும். நான்காவது, கருவியின் உரிமையாளர் மனம் மாறினாலோ தொண்டர் விலகினாலோ, ஆடுவோர் பல ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய கதையுலகு அவர்களிடமே எஞ்சுமா என வினவவேண்டும்.

இவ்வளவுகோல்களின்படி நோக்கின், எமது ஆய்வுக்குட்பட்ட கருவிகளுள் எதுவும் நிறைவுடையதன்று. ஆடுவோரின் உடைமையைப் பேணும் பவுண்ட்ரியின் அமைப்பும், அடிப்படையைச் சிறிதாக வைத்துத் தேவைக்கேற்ப விரிக்கும் அவுல்பெயரின் கட்டுப்பாடும் ஒன்றிணையுமாயின் அதுவே விரும்பத்தக்க திசையாகும். வசதியும் எளிமையும் பிறவிப் பகையாளிகள் அல்ல. வசதிகளை எண்ணி விலைகூறும் சந்தையே அவற்றைப் பகையாக்கியது. மேசையைச் சுற்றியிருப்போர் ஒருவரை ஒருவர் நோக்கிப் பேசி, தமக்குரிய விதியைத் தாமே தீர்மானிக்கும் ஆற்றலை எக்கருவி வளர்க்கின்றதோ அதனையே நல்ல கருவி என்போம். அவ்வாற்றல் தேயுமாயின், எத்துணை எளிதாகக் கையாளத்தக்கதாயினும் அக்கருவியால் அவர்களுக்குப் பயனில்லை.